திரும்பி வரும் வீரனுக்கு யார் பொறுப்பு? குடாநாட்டு உதைபந்தாட்டக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் உதைபந்தாட்டக் கழகத் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், பயிற்றுநர்கள் எல்லோருக்கும்,



கொழும்புக் கழகம் ஒன்று உங்கள் வீரன் ஒருவனைக் கேட்டு ஆள் அனுப்பினால் ஊர் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். சந்தியில் பனர் ஏறும். கோயிலில் அருச்சனை நடக்கும், அல்லது சேர்ச்சில் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கும் பழைய வீரர் ஒருவர் புதுப் பூட் வாங்கக் காசு அனுப்புவார். இரவு பஸ்ஸில் ஏற்றிவிடக் கழகமே திரண்டு நிற்கும். இதில் ஒன்றையும் நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை ஒருவன் முன்னேறினால் ஊர் மகிழத்தான் வேண்டும்.

ஆனால் அதே பொடியனிடம் ஒன்றிரண்டு பருவம் கழித்து, "அடுத்த முறைக்கு நீ தேவையில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அவன் அதே பஸ்ஸில் விடியப்புறம் வந்து இறங்குகிறான். அப்போது தரிப்பிடத்தில் யார் நிற்கிறார்கள்? அனேகமாக ஒருவரும் இல்லை. வருகிற செய்தி வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். சில வேளை வீட்டுக்கும் முழுதாகத் தெரியாது.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அனுப்பிவைத்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், திரும்பி வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இந்த மடல் இரண்டாவது வகையினருக்காக. அவர்களைப் பற்றி நம் கழகங்களின் எந்தக் கூட்டக் குறிப்பிலும் ஒரு வரி எழுதப்பட்டதாக நான் அறியேன்.

ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பின்கள வீரன், நல்ல உயரம், தலையால் பந்தை வெளியேற்றுவதில் அவனுக்கு நிகர் அவன் வயதில் குறைவு. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு தவணை இருக்கும்போது தெற்கில் ஒரு கழகம் அவனை அழைத்தது. போனான். முதற் பருவத்தில் சில ஆட்டங்கள் ஆடினான். பிறகு முழங்காலில் அடி. கொடுப்பனவு சில மாதம் வந்தது, பிறகு பிந்தியது, பிறகு நின்றது. பருவ முடிவில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். தாய் அயலவருக்கு, "தம்பி லீவிலை வந்து நிக்கிறான்" என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மாலை மைதானத்தில் அவனைக் கண்டேன். ஆட்கள் கலைந்துபோன நேரம் பார்த்து வந்திருந்தான். அந்தக் கழகம் கொடுத்த பயிற்சி மேலாடையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தான். மார்பில் இருந்த சின்னம் ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. தையல் நூல்கள் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தன. "சேர், அவையள் என்னை வேண்டாம் எண்டிட்டினம். ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றான். இருபது வயதுப் பிள்ளை, ஒரு குற்றத்தை மறைப்பவன் போலப் பேசினான்.

அவன் செய்த குற்றம் என்ன? நான் இதை எழுதுவதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். ஒரு கழகம் விடுவித்தால் அது வீரனின் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பு என்று நம் ஊர் நினைக்கிறது. "போனவன் நிண்டு பிடிக்கேல்லை" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறோம். இந்த நாட்டின் உதைபந்தாட்டம் கடந்த சில வருடங்களில் எப்படி நடந்தது என்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

2021 ஏப்ரலில் சுப்பர் லீக் தொடங்கியபோது இலங்கைக்கும் தொழில்முறை உதைபந்தாட்டம் வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். மொத்தம் 10 கழகங்கள். கொழும்பு எஃப்.சி., றினோன், ரட்னம், களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவ நியூ யங்ஸ், நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ் ஆகிய ஏழும், முப்படைகளின் அணிகளான டிஃபென்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் ஆகிய மூன்றும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒரு கழகம்கூட இல்லை. தொடங்கிய கையோடு கொரோனா குறுக்கிட்டது. இழுபட்டு இழுபட்டு ஒரு பருவத்தை முடித்தார்கள். அந்த லீக் அதோடு நின்றது. 2023 ஜனவரி 21 அன்று, வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி, பீஃபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதியில்தான் தடை நீங்கியது. ஏழு மாதம் இந்த நாடு சர்வதேச உதைபந்தாட்டத்தின் வரைபடத்திலேயே இல்லை.

18 வயதில் இங்கிருந்து கிளம்பிய ஒருவன் இந்த வருடங்களுக்குள் அகப்பட்டிருந்தால், அவனுடைய திறமை எதை மாற்றியிருக்கும்? ஒரு உதைபந்தாட்டக்காரன் வளரும் வயது 18 முதல் 22 வரை. அந்த வயதில் லீக் ஒழுங்காக நடக்கவில்லை, கழகத்திடம் காசில்லை, சம்மேளனத்துக்கே தடை. அவனை விடுவித்ததற்கு அவன் காலின் பலவீனம் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. தெற்கில் நன்றாக ஆடும் ஒருவனுக்குப் படை அணிகளும் பொலிஸ் அணியும் ஒரு வாழ்க்கையைக் கொடுக்கின்றன. மாதச் சம்பளம், மருத்துவம், பின்னாளில் ஓய்வூதியம். கால் ஓய்ந்தாலும் உத்தியோகம் இருக்கும். இலங்கையில் உதைபந்தாட்டம் பலருக்குச் சோறு போடுவது இந்த வழியாகத்தான். எங்கள் பிள்ளைகளில் அந்த வழியால் போகிறவர்கள் மிகச் சிலர். ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எனவே, கொழும்புக் கழகம் ஒன்று வேண்டாம் என்று சொன்னதும் தெற்குப் பிள்ளைக்கு அடுத்த கதவு ஒன்று இருக்கும். நம் பிள்ளைக்கு மிஞ்சுவது ஊருக்கு வரும் பஸ் மட்டுமே.

இதில் தகப்பன்மாரின் கதையும் கலந்திருக்கிறது. ஏ9 வீதி பூட்டியும் திறந்தும் கிடந்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். கொழும்பு அணி ஒன்றில் ஆடிப் பார்க்கும் சந்தர்ப்பமே பலருக்கு வரவில்லை. துரையப்பா விளையாட்டரங்கு புனரமைக்கப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டபோது, பிள்ளைகளைவிடத் தகப்பன்மாரின் முகத்தில்தான் அதிக வெளிச்சத்தைப் பார்த்தேன். தமக்குக் கிடைக்காத பாதை மகனுக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசை பெரியது, அதனால் மகன் திரும்பி வரும்போது விழும் அடியும் பெரியது. கடலுக்குப் போகிற தகப்பன் ஒருவர் என்னிடம், "அவன்ரை முகத்தைப் பாக்கேலாமல் இருக்கு சேர்" என்று சொன்னார். மகனும் அதையேதான் தகப்பனைப் பற்றிச் சொன்னான். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் ஒளித்துத் திரிந்தார்கள்.

இந்த விடுவிப்பு நம் நாட்டின் தனித்துயரம் என்றும் நினைத்துவிட வேண்டாம். உதைபந்தாட்டம் செழித்திருக்கும் இங்கிலாந்தில் கழகப் பயிற்சிக்கூடங்களில் 9 வயதில் சேரும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தொழில்முறை வீரராக நிலைப்பதில்லை என்பது அங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. வேல்ஸில் பிறந்த நம் தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதனை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2024 ஓகஸ்டில் பார்ன்ஸ்லியின் முதல் அணிக்கு ஆடியபோது நம் ஊர்க் கைபேசிகள் எல்லாம் அந்தப் படத்தைச் சுமந்தன. ஆனால் அவர் சிறுவயதில் வளர்ந்தது லிவர்பூலின் பயிற்சிக்கூடத்தில். அந்தப் பெரிய கழகத்தின் வாசலைக் கடந்து வெளியே வந்த பிறகு, பார்ன்ஸ்லியில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. லிவர்பூலை விட்டு வந்த நாளோடு அவர் கதை முடிந்துவிட்டது என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால்?

ஜேமி வார்டியின் கதையை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். 16 வயதில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கழகம் உடல் சிறிது என்று கைவிட்டது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே ஆடினார். 2016இல் லெஸ்டர் சிட்டியோடு இங்கிலாந்தின் சம்பியனானார். இதைச் சொல்லும்போது நாம் அவருடைய விடாமுயற்சியோடு நிறுத்திவிடுகிறோம். கைவிடப்பட்ட அவரை ஏற்றுக்கொண்டது ஸ்டொக்ஸ்பிரிஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற சின்ன ஊர்க் கழகம். வாரத்துக்கு 30 பவுண் கொடுத்தது. அங்கிருந்து ஹலிஃபக்ஸ், பிறகு ஃபிளீட்வுட், பிறகு 2012இல் லெஸ்டர். நம்மில் ஒருவரும் அந்த ஸ்டொக்ஸ்பிரிஜ் நிர்வாகிகளின் பெயரை அறியமாட்டோம். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் வார்டி இல்லை. நாவாந்துறை சென். மேரீஸ், பாஷையூர் சென். அன்ரனிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல், உடுத்துறை பாரதி என்று நாம் பெருமையோடு சொல்லும் கழகங்கள் எல்லாம் அந்த இடத்தில் இருக்கின்றன. திரும்பி வருகிறவன் முதலில் வந்து நிற்கப்போவது உங்கள் வாசலில்.

அதே இங்கிலாந்தில் 2020 ஒக்டோபரில் ஜெரெமி விஸ்டன் என்ற 18 வயதுப் பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொண்டான். மன்செஸ்டர் சிட்டியின் பயிற்சிக்கூடத்தில் இருந்தவன். காயத்துக்குப் பிறகு விடுவிக்கப்பட்டவன். அந்த மரணம் அங்கே பலரை உலுக்கியது. விடுவிக்கப்படும் பிள்ளைகளைக் கழகங்கள் எப்படிக் கவனிக்கின்றன என்ற கேள்வி அதன் பிறகு உரத்து ஒலித்தது. 2022இல் கிறிஸ்டல் பலஸ் கழகம், தன் பயிற்சிக்கூடத்திலிருந்து விடுவிக்கப்படும் இளைஞர்களை மூன்று வருடம் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. பணக்காரக் கழகம், ஆட்களை வைத்துச் செய்கிறார்கள். ஆனால் அதன் சாரத்துக்குப் பணம் அவ்வளவாகத் தேவையில்லை. பெயர் தெரிந்த ஒருவர், குறித்த நாளில் தொலைபேசி எடுத்து, "எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, அடுத்தது என்ன யோசிக்கிறாய்" என்று கேட்கவேண்டும். இதை நம் கழகம் ஒன்று செய்ய முடியாதா?

செய்ய முடியும் என்றுதான் எழுதுகிறேன். வேலை அவன் போவதற்கு முன்னரே தொடங்கவேண்டும்.

முதலில் ஒப்பந்தம். நம் பிள்ளைகள் பலர் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல், "வா, பாத்துச் செய்வம்" என்ற வாய்வார்த்தையை நம்பிப் போகிறார்கள். கையெழுத்து வைத்தவர்களிடமும் பிரதி இருப்பதில்லை. கடதாசி சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வாசிக்காமலே வைத்துவிடுகிறார்கள். உங்கள் கழகத்தில் ஒரு சட்டத்தரணியோ, பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒருவரோ கட்டாயம் இருப்பார். கையெழுத்துக்கு முன் அவரிடம் காட்டச் சொல்லுங்கள். பீஃபாவின் விதிப்படி 18 வயதுக்கு உட்பட்டவன் மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் செய்ய முடியாது. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் அறிவித்துக் குறைந்தது 15 நாள் தவணை கொடுத்து, அப்படியும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடிக்கலாம். இந்த இரண்டு விதியையும் நம் பொடியளில் எத்தனை பேர் அறிவார்கள்? முழங்காற் சவ்வு கிழிந்தால் ஸ்கான் செலவு யாருடையது, சத்திரசிகிச்சை யாருடையது என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய சட்ட அறிவும் தேவையில்லை. அந்தச் சவ்வு சத்திரசிகிச்சைக்குப் பிறகு மைதானத்துக்கு வர ஒன்பது மாதமாவது பிடிக்கும். அந்த ஒன்பது மாதமும் அவன் யாருடைய பிள்ளை?

அடுத்தது பைல். செயலாளர்களே, இதை உங்களிடம் தனியாகக் கேட்கிறேன். உங்கள் கழகத்தில் 12 வயதிலிருந்து ஆடிய ஒரு பிள்ளையின் பதிவுகள் இன்று எங்கே இருக்கின்றன? யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை, மருதங்கேணி, தீவகம் என்று எந்த லீக்கில் நீங்கள் இருந்தாலும், வருடாவருடம் வீரர் பட்டியல் கொடுக்கிறீர்கள். அதன் பிரதியைப் பத்து வருடம் கழித்து எடுத்துத் தர முடியுமா? ஒரு தொழில்முறை வீரன் ஒப்பந்தம் முடியும் முன் பணத்துக்கு வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கழகங்களுக்குப் பிரிக்கப்பட வேண்டும் என்பது பீஃபா விதி. இதைச் சொல்லி உங்களுக்குப் பெரும் பண ஆசை காட்ட நான் வரவில்லை. நம் பிள்ளைகளில் அப்படி விலைபோகிறவர்கள் அரிது. ஆனால் அந்த பைலில் இருக்கும் கடதாசிதான் பின்னாளில் அவனைப் பயிற்றுநர் பாடநெறிக்குச் சேர்க்கும். பாடசாலை ஒன்றில் பயிற்றுநர் வேலை கேட்கும்போது அவனுக்காகப் பேசும். கழகச் சின்னம் போட்ட ஒரு அத்தாட்சிக் கடிதத்தை எழுதிக் கையில் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாவது படிப்பு. இதில் நான் கடுமையாகவே பேசுவேன், ஆசிரியனாக இருந்தவன் பேசாமல் யார் பேசுவது? சாதாரண தரமும் உயர்தரமும் முடியாமல் ஒரு பிள்ளையையும் அனுப்பாதீர்கள். கழகம் அவசரப்படுத்தினால், "பரீட்சை முடியட்டும்" என்று நீங்கள் சொல்லுங்கள். பிள்ளை சொன்னால் எடுபடாது, நிர்வாகம் சொன்னால் எடுபடும். உண்மையில் அவனை வேண்டுமென்று நினைக்கிற கழகம் ஆறு மாதம் பொறுக்கும். கல்வியியற் கல்லூரிக்குப் போய் உடற்கல்வி ஆசிரியராக வரவேண்டுமானால் உயர்தரப் பெறுபேறு வேண்டும். விளையாட்டில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் விசேட அனுமதிக்கும் உயர்தரத்தில் சித்தி வேண்டும். நான் மேலே சொன்ன பின்கள வீரன் இரண்டு தவணை பொறுத்திருந்தால் இன்று அவன் கையில் ஒரு சான்றிதழாவது இருந்திருக்கும்.

சென்னையின் வியாசர்பாடியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1997இல் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் அங்கே குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். மாலையில் பந்து, அதோடு படிப்பு. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்ப அனுப்புவதும் அவர்கள் வேலை. தன்பால் கணேஷ், நந்தகுமார் சேகர் போன்றவர்கள் அந்த மண்ணிலிருந்து இந்தியாவின் பெரிய கழகங்களுக்குப் போனார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தது அவர்கள் அல்லர். அங்கே ஆடிவிட்டு, வீரராக வராமல், படித்து வேலைக்குப் போன மற்றப் பிள்ளைகள். அப்படி ஒரு பாதை அங்கே போடப்பட்டிருக்கிறது. நமக்கு வியாசர்பாடியைவிட வசதி குறைவென்று யாரும் சொல்லமுடியாது.

இனிச் சுற்றுப்போட்டிகள். இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரலாம், வரட்டும். விடுவிக்கப்பட்டு வரும் பொடியனுக்கு ஊரில் உடனடியாகக் கிடைக்கும் ஒரே வேலை, மின்னொளியில் நடக்கும் அணிக்கு 7 பேர், 9 பேர் சுற்றுப்போட்டிகளில் கூலிக்கு ஆடுவது. இந்தக் கிழமை ஒரு ஊருக்கு, அடுத்த கிழமை இன்னொரு ஊருக்கு. ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிப்போகிறார்கள். ஆறாத முழங்காலோடு, வலிக்குளிசை போட்டுக்கொண்டு, கல்லுத்தரையில் ஆடுகிறார்கள். காப்புறுதி கிடையாது. விழுந்தால் முச்சக்கர வண்டியில் வைத்தியசாலை வரை கொண்டுபோய் விடுவார்கள், அதோடு சரி. இப்படி 24 வயதில் நடக்கவே சிரமப்படும் பிள்ளைகளை நான் அறிவேன்.

அந்தச் சுற்றுப்போட்டிகளின் முதற்பரிசுக்கும், ஆளுயரக் கேடயத்துக்கும், வாணவேடிக்கைக்கும் காசு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து. ஊரை மறக்காத உறவுகள் உழைத்து அனுப்பும் காசு, அதன் அருமை எனக்குத் தெரியும். 2018இல் ஐ.பி.சி. தமிழ் பின்னால் நின்று வடக்கு கிழக்கு மாவட்டங்களை இணைத்து என்.ஈ.பி.எல். போட்டியை நடத்தியபோது, வல்வை, மன்னார், திருகோணமலை, முல்லைத்தீவு என்று அணி அணியாக நம் பிள்ளைகள் ஆடியதைப் பார்த்து நெகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். புலம்பெயர்ந்த பணத்தால் பெரிய காரியம் செய்யலாம் என்று அது காட்டியது. ஆனால் வருடத்துக்கு வருடம் கேடயம் உயர்ந்துகொண்டே போகிறது, விழுந்த பிள்ளையைத் தூக்குவதற்கு ஒரு சதமும் ஒதுக்கப்படுவதில்லை. பொருளாளர்களே, அடுத்த சுற்றுப்போட்டியின் வரவுசெலவில், பரிசுத்தொகையில் பத்தில் ஒரு பங்கைக் காய நிதி என்று தனிக் கணக்கில் போடுங்கள். அனுப்புகிறவர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அவர்கள் மறுக்கமாட்டார்கள். அவர்களில் பலர் முழங்கால் போனதால்தான் ஆட்டத்தை விட்டவர்கள்.

திரும்பி வந்தவனுக்கு ஆட்டத்தைத் தவிர வேறு வேலையும் நம் மைதானங்களில் இருக்கிறது. தகுதி பெற்ற பயிற்றுநர்கள் இல்லாமல் எத்தனை பாடசாலை அணிகள் கணித ஆசிரியரையோ அலுவலக உதவியாளரையோ வைத்துச் சமாளிக்கின்றன என்று எனக்குத் தெரியும். ஆசியச் சம்மேளனத்தின் சி தரப் பயிற்றுநர் சான்றிதழ் எடுத்த ஒருவன் தன் ஊர்ப் பாடசாலையின் 14 வயதுப் பிரிவை எடுத்தால், அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லது, அவனுக்கும் காலையில் எழும்ப ஒரு காரணம் இருக்கும். அரியாலையில் உதைபந்தாட்டப் பயிற்சி நிலையம் இருக்கிறது, அங்கே வைத்துப் பாடநெறி நடத்தச் சொல்லி ஐந்து லீக்குகளும் ஒன்றாகக் கடிதம் கொடுத்தால் கேட்காமல் விடமாட்டார்கள். தமிழில் நடத்தச் சொல்லியும் கேளுங்கள். நடுவர்களும் போதாமல்தான் இருக்கிறோம். தொழில்முறையில் ஆடியவன் ஊதலை எடுத்தால் மைதானத்தில் சண்டை பாதி குறையும்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். தெல்லிப்பழை மகாஜனாவின் பெண்கள் அகில இலங்கை மட்டத்தில் கிண்ணம் எடுத்துத் தந்தவர்கள். ஆனால் அவர்களை விடுவிப்பதற்கு ஒரு தொழில்முறைக் கழகமே நாட்டில் இல்லை. பாடசாலையின் கடைசி நாளே அவர்களுக்கு விடுவிப்பு. ஆண்பிள்ளைகளுக்காக நான் கேட்கும் எல்லாவற்றையும் அவர்களுக்காகவும் கேட்கிறேன், இன்னும் அழுத்தமாக. இன்று அவர்களுக்குக் கழகமே வைத்திராத ஊர்கள் பெண் பயிற்றுநர்களையாவது அவர்களிலிருந்து எடுக்கலாம்.

மன்னாரின் டக்சன் பியூஸ்லஸை நினைக்கிறேன். வடக்கிலிருந்து போய்த் தேசிய அணியின் பின்களத்தில் நின்றவர், மாலைதீவின் வலென்சியா கழகத்துக்கும் ஆடியவர். 2022 பெப்ரவரியில் மாலேயில் அவர் இறந்த செய்தி வந்தபோது குடாநாட்டு மைதானங்களிலும் பிள்ளைகள் மௌனமாக நின்றார்கள். அவரைப் போல ஆகவேண்டும் என்று இன்றும் பலர் ஓடுகிறார்கள். ஓடட்டும், அனுப்புங்கள். கொழும்புக்கும் அனுப்புங்கள், மாலைதீவுக்கும் அனுப்புங்கள். பயந்து பிள்ளைகளை மறித்து வைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

ஜனவரியில் பல கழகங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டமும் நிர்வாகத் தெரிவும் நடக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர், அணித்தலைவர் என்று வரிசையாகத் தெரிவு செய்வீர்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு பொறுப்பைச் சேருங்கள். வெளியே போன வீரர்களின் தொடர்பாளர் என்று வைத்துக்கொள்ளலாம், பெயர் எதுவாகவும் இருக்கட்டும். போகிறவனின் ஒப்பந்தப் பிரதி அவரிடம் இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை அவர் அவனோடு பேசவேண்டும். விடுவிக்கப்பட்டால் அந்தச் செய்தி முதலில் அவருக்குத் தெரியவேண்டும், அவன் வரும் நாளில் அவர் பஸ் தரிப்பிடத்தில் நிற்கவேண்டும். அடுத்த கிழமையே அவனைப் பயிற்சிக்குக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, "இவர் அங்கை ஆடிட்டு வந்திருக்கிறார், இவரிட்டைப் படியுங்கோ" என்று சொல்லவேண்டும்.

இந்தக் கடிதத்தை அந்தக் கூட்டத்தில் வாசியுங்கள். வாசித்து முடித்ததும், கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் ஊரிலிருந்து போய்த் திரும்பி வந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவராக விசாரியுங்கள். கழகம் அவர்களுக்கு எதுவும் செய்யவில்லை என்று தெரிந்தால், அன்று மாலையே இரண்டு பேர் அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்
வலிகாமம்